வராளியை நேரே கற்பித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா இல்லை என்று எழுத என் கை இன்னும் மறுக்கிறது. அந்த ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டிவிட்டு வந்தவர், மத்தியானம் வகுப்பு முடிந்ததும் தேநீர் கேட்டார். கொண்டு வந்தபோது கதிரையில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. தேநீர் போடும் நேரத்துக்குள் ஒரு மனுஷி போய்விட முடியுமா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். நான் பாடசாலை போகத் தொடங்கிய வருடம் அவர் காலமானார், அம்மாவோ நோயாளி. அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் சங்கீதப் படிப்பை முடித்து வந்திருந்த அக்கா, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து முன்னறையில் வகுப்புத் தொடங்கினார். அம்மாவைப் பார்த்தார், என்னை ஆளாக்கினார். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களைப் பலகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கீர்த்தனை இயற்றிய மேதைகள் அக்காவுக்குச் சொந்தக்காரர் மாதிரி. பாட்டைத் தொடங்கும் முன் அதைப் பாடியவர் பட்ட பாட்டைச் சொல்வார். பூசித்த விக்கிரகத்தைப் பறிகொடுத்து அழுதவர், வறண்ட ஊரைப் பார்த்து மழைக்காகப் பாடியவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. “மனம் நோகாமல் ஒருத்தரும் நல்ல பாட்டுக் கட்டேல்லைப் பிள்ளையள்” என்பார். அதன் பிறகே சுருதிப்பெட்டி திறக்கும்.

அக்காவும் வராளி ராகத்தில் ஒரு கீர்த்தனை இயற்றிக்கொண்டிருந்தார். பல்லவி, அனுபல்லவி வந்து வருடக்கணக்காகியும் கடைசிப் பகுதியான சரணம் வசப்படவில்லை. வராளியைப் பற்றிச் சங்கீதக்காரரிடம் ஒரு பயம் உண்டு. குரு அதை மாணவருக்கு நேரே சொல்லிக்கொடுத்தால் இருவரில் ஒருவருக்கு ஆகாதாம். அக்காவும் அந்த வழக்கத்தை மீறியதில்லை. வராளி என்றால் எழும்பிக் குசினிக்குள் போய்ப் பாடுவார், மாணவிகள் முன்னறையிலிருந்து கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கடைசி ஞாயிறு மட்டும் அப்படிச் செய்யவில்லை. டிலானி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவர், வங்கியில் வேலை, அக்காவின் மூத்த மாணவி. அவரை முன்னால் இருத்தி, ஒருவழியாகச் சரணமும் கட்டி முடித்திருந்த தன் கீர்த்தனை முழுவதையும் வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். டிலானி புறப்பட்ட பிறகுதான் தேநீர் கேட்டார்.

செத்தவீட்டில் டிலானி அழுதழுது இதைச் சொல்ல, எங்கள் மாமி ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நேர இருத்தி வராளி படிப்பிச்சவ எல்லோ! பிறகென்ன நடக்கும்?” டிலானி வெளிறிப்போய் எழும்பிப் போய்விட்டார். பிறகு அவருக்குப் போன் எடுத்துப் பேசினேன். “நான் இனிப் பாடமாட்டன் அங்கிள்” என்றார். பாட்டை அக்கா எங்கும் எழுதி வைக்கவில்லை. முழுவதும் தெரிந்தவர் அந்தப் பிள்ளை ஒருவர்தான்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று வந்த எங்கள் குடும்ப டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

“அக்கா உங்களுக்குச் சொல்லேல்லையா? இதயம் சரியான பலவீனம், உடன ஆஸ்பத்திரி வாட்டில சேருங்கோ எண்டு போன மாதமே சொன்னனான். ‘ஒரு சரணம் மிச்சம் இருக்கு டொக்டர், முடிச்சுப்போட்டு வாறன்’ எண்டவ.”

தலையில் இடி விழுந்தது. ஊரார் பாட்டுக்கெல்லாம் காரணம் சொன்னவர், தன் பாட்டின் காரணத்தை எங்களிடம் மறைத்துவிட்டார். இதற்காக அக்காவோடு எனக்கு இன்னும் கோபம்.

மறுநாளே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். “படிப்பிச்சதால அக்கா போகேல்லைப் பிள்ளை. போகப்போறது தெரிஞ்சுதான் படிப்பிச்சவ. நீ மற்ற அறையில இருந்து கேட்டுப் பிடிக்கிறவரைக்கும் காத்திருக்க அவவுக்கு நேரமில்லை” என்றேன். டிலானி வெகுநேரம் அழுதார்.

செய்தி கேட்டவுடன் ஓடி வந்த அயலவர்கள், சமைத்து அனுப்பிய கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பத்தார், கிரியைகளை நடத்திய குருக்கள், வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள், கண் கலங்கி நின்ற மாணவிகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமிக்கும் நன்றி, முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறோம்.

ஏனென்றால் முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டி மண்டபத்தில் டிலானி அக்காவின் கீர்த்தனையைப் பாடுகிறார். சம்மதித்தபோது ஒன்று சொன்னார்:

“பாடுறன் அங்கிள். ஆனா இதைப் படிக்க வாற பிள்ளையளை நான் மற்ற அறையில இருத்தமாட்டன். எனக்கு முன்னால இருத்தித்தான் படிப்பிப்பன்.”