சீனி போடாத தேத்தண்ணீர்

பிள்ளைகளே, எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் பெரியப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டது. அப்போது நான் ஈப்போவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிலோன்கார டாக்டர், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த வயிற்றுத் தசைக்குச் சாயம் ஏற்றி ஆராய்ந்தார். புற்று உயிரணுக்களின் புரதத்தில் சீனி முறைதவறி ஒட்டியிருக்கிறது என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. என் அரைப்படிப்புக்கு அது போதும்.

அன்றே குனோங் ராபாட்டில் இருந்த அண்ணன் வீட்டில் சீனியையும் இனிப்பான டின்பாலையும் எடுத்துப் பூட்டினேன். அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து டின்பால் தேத்தண்ணீரில் வாழ்ந்தவர். சோறு இறங்காத அந்த நாட்களில் அது ஒன்றுதான் இறங்கியது.

“கண்ணாடி கழுவுறவன்லாம் டாக்டர் ஆயிட்டான் லா,” என்று அண்ணியிடம் சிரித்தார். பிறகொரு நாள் சிரிக்காமல், “கொஞ்சூண்டு இனிப்பு போடுடா,” என்றார்.

“வேணாண்ணே, அது நோய்க்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும்,” என்றேன்.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியதும் டாக்டரிடம் கேட்டேன்.

“அந்தச் சீனியை உயிரணுவே செய்து ஒட்டிக்கொள்ளுது. தேத்தண்ணிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை,” என்றார்.

கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோதும் அவர் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.