மங்களம் பாடாத கட்டியக்காரர்

கன்னியப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் ஏரிக்கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அனுப்பம்பட்டிலிருந்து வந்த ஆள் தூரத்திலேயே "மத்தளக்காரரே" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தான். என் தம்பி சிங்காரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "கட்டியக்காரர் தவறிட்டாரு, மக வூட்டுல" என்று அவன் சொன்னதும், சேதி தம்பியைப் பற்றி இல்லை என்று ஒரு கணம் மூச்சு வந்தது. போனது யார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலர் அவரைக் கூத்துக் களத்தில்தான் பார்த்திருப்பீர்கள். வேஷங்கள் வருவதற்கு முன்னால் வந்து கட்டியம் கூறுவார், பிறகு ஆட்டம் முடிகிறவரை கூடவே நின்று கேள்வி கேட்டு, பரிகாசம் பண்ணி, பாடி ஆடிக் கதையை நகர்த்துவார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தளம் அடித்தவன். ஒரே குப்பம், ஒரே வயது. நான் சுபாவத்திலேயே பயந்தவன். பயம் வந்தால் என் கை ஓடும், தாளம் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். ஒருமுறை கோட்டையிலிருந்து உலாந்தாக்கார வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு கூத்துப் பார்க்க வந்து முன்வரிசையில் நின்றார்கள். என் கை பிடித்த ஓட்டத்தில் ராஜா வேஷக்காரருக்கு மூச்சு வாங்கியது. கன்னியப்பன் ஆடிக்கொண்டே என்னிடம் வந்து, "இன்னா நைனா, ராஜாவுக்கு வயித்தால போவுதுன்னு யாரு சொன்னாங்க, இப்பிடித் தொரத்துற?" என்றார். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அடியில் என் காதோரமாகக் குனிந்து, "பயப்படு. வேணான்னு சொல்லல. தாளத்துல பயப்படு" என்றார்.

நேரத்தை அவரைப் போல ஆண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. கோட்டையில் மணற்குடுவையைக் கவிழ்த்துக் கவிழ்த்து மணி அடிப்பார்கள். அந்த மணி கேட்டால் எனக்கு உடம்பு கூசும். அவர் மட்டும், "மணலக் கொட்டி நேரம் பாக்குறான். நமக்கு மணலுக்கா பஞ்சம்?" என்பார். ஏரியில் எங்களுக்குப் பாடு உண்டு. இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை வைக்கலாம் என்கிற முறைக்கு அப்படிப் பெயர். கூத்துக் களமும் பாடுதான் என்பது அவர் கணக்கு. "அடுத்த வேசம் இன்னும் அரிதாரம் பூசிகினு கீறான்னா, அதுவரைக்கும் எடம் உன்னுது. வலையத் தூக்கிடாத." ஒரு முறை ராஜாவின் கிரீடம் உடைந்து அதை ஒட்டி முடிக்கும்வரை, காணாமல் போன ஒரு செருப்பைப் பற்றியே பேசிச் சனத்தைக் கலையாமல் வைத்திருந்தார். அந்தச் செருப்பு கிடைத்ததா என்று மறுநாள் மீன் விற்கும் பெண்கள் அவரைக் கேட்டார்கள்.

பேச்சைப் பற்றியும் அவருக்கு ஒரு கட்சி உண்டு. ராஜா "வருகின்றேன்" என்பார். இவர் "வந்துகினே கீறாரு" என்பார். ராஜா பேசுவது ஏட்டிலிருக்கிற இலக்கணம், தான் பேசுவது வீட்டிலிருக்கிற இலக்கணம் என்று சொல்லிக்கொள்வார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அதை எனக்கு விளக்கினார். "வெளக்க அணைன்னு சொல்றமா? குளிர வைன்றோம். அரிசி தீந்துபோச்சுன்னு சொல்றமா? நெறஞ்சி கீதுன்றோம். போறேன்னு சொல்லாம போயிட்டு வரேன்றோம். நம்ம வூட்டு இலக்கணமே பயத்துல பொறந்தது நைனா. பயந்தவன்தான் வார்த்தையப் பாத்து எடுப்பான்." மழை பொய்த்த அந்தப் பஞ்ச வருடத்தில் களத்தில் நின்று, "இந்த வருசம் ஊருல எல்லார் வூட்டுலயும் அரிசி நெறஞ்சி கீது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் கோட்டைக்காரர்களின் கப்பலுக்கு ஆள் பிடிப்பது அதிகமானது. அடிமையாக ஏற்றிக்கொண்டு போனால் எந்தக் கரையில் இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது, போனவர் யாரும் திரும்பியதும் இல்லை. பொன்னேரிச் சந்தைக்குப் போன என் தம்பியை ஒரு தரகனின் ஆட்கள் வழியில் மடக்கி, கையைக் கட்டிப் படகில் போட்டார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் நின்றது. தம்பி பாதி வழியில் குதித்து, கட்டோடு நீந்திக் கரையேறி, எங்கள் ஒப்பனைக் கொட்டகைக்குள் வந்து விழுந்தான். அன்று கரைகாத்தம்மன் கூத்தின் கடைசி நாள். பொழுது விடிந்து வெயில் ஏறிவிட்டது. ஒளிவதற்கு இருட்டுகூட இல்லை.

கடைசி நாள் காலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மனைத் துரத்திய ராஜாவை ஏரிக்கரையில் மண்ணால் படுக்கவைத்துச் செய்திருப்போம். அவனுக்குப் பயந்து ஏழு வீட்டில் ஏழு வேஷத்தில் ஒளிந்திருந்தவள் அம்மன். அவன் சாகிறவரை நெற்றியில் பொட்டு வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டவள். மண் ராஜாவின் மார்பில் கொட்டிய குங்குமத்தை எடுத்து அம்மன் பொட்டு வைத்தால், மங்களம் பாடி ஆட்டத்தை முடிப்போம்.

கன்னியப்பன் என் தம்பியின் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது. அம்மன் வேஷம் கட்டியிருந்த ஆறுமுகத்திடம், "சேலையக் கழட்டு" என்றார்.

"அண்ணே, காப்புக் கட்டி விரதம் இருந்து கட்டின சேல. அம்மா கண்ணக் குத்திடுவா."

"ஏழு வூட்டுல ஒளிஞ்சவ அவ. ஒளிய வந்தவனுக்குச் சேல தர மாட்டேன்னா சொல்லுவா?"

ஆறுமுகம் அழுதுகொண்டே கழற்றினான். முகத்தைக் கழுவிவிட்டு, வேட்டியோடு சனத்தில் போய் உட்கார்ந்தான். தம்பிக்கு மஞ்சள் அரிதாரம் பூசி, சேலை சுற்றி, மணிக்கட்டு மறையும்படி வளையல் ஏற்றினோம். அது ஆவதற்குள் தரகன் ஈட்டிக்காரர்களோடு வந்துவிட்டான். அவனும் இந்தக் கரைக்காரன்தான், அம்மனுக்குப் பயந்தவன். "ஆளு இங்கதான் கீறான். அம்மன் காரியத்துல கை வெக்க மாட்டேன், ஆட்டம் முடியட்டும். முடிஞ்சதும் வேசக்காரனுங்க எல்லாம் வரிசையா நின்னு மூஞ்சியக் கழுவுங்க" என்றான்.

கன்னியப்பன் கைகூப்பி, "முடியறவரைக்கும்னு சொன்னீங்களே, அது போதும் சாமி" என்றார்.

கடல் இறங்கி ஏரி வற்றிக் கிடந்தது. பெண்கள் குளிக்கும் துறையில் என் படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. கடல் தண்ணீர் ஏறி அந்தப் படகு நிமிர்ந்தால்தான் தம்பி வடக்கே தெலுங்குக் கரைக்குத் தப்ப முடியும். அதற்கு உச்சிப்பொழுது ஆகும். அதுவரை ஆட்டம் முடியக் கூடாது.

தம்பிக்கு ஒரு வரி பாடத் தெரியாது. வாயைத் திறந்தால் அவன் குரலைத் தரகனின் ஆட்கள் கண்டுகொள்வார்கள். "அம்மாவுக்கு மனசு சரியில்ல. அவ வாய் தொறக்கறதா இல்ல, நான் கேக்கறேன், நானே சொல்றேன்" என்று கன்னியப்பன் சனத்திடம் அறிவித்துவிட்டார். பிறகு ஏழு வீட்டுக் கதையையும் முதலிலிருந்து எடுத்தார். எந்த வீட்டில் என்ன சோறு போட்டார்கள், யார் முகம் சுளித்தார்கள், எந்த மாமியார் சந்தேகப்பட்டாள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டுக் கட்டினார். அம்மனின் பாட்டையும் அவரே பெண்குரலில் பாடினார். என் கை ஓடப் பார்த்தது. அது ஓடியிருந்தால் பாட்டு ஓடியிருக்கும், பாட்டு ஓடியிருந்தால் தம்பியின் உயிர் ஓடியிருக்கும். தாளத்துல பயப்படு, தாளத்துல பயப்படு என்று ஒவ்வொரு அடிக்கும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் வீட்டில் தரகன் பொறுமை இழந்தான். "சீக்கிரம் முடிடா" என்று கத்தினான். "முடிக்கத்தான் சாமி வந்துகினு கீறேன், வழியில இன்னும் ரெண்டு வூடு கீது" என்றார். சனம் சிரித்தது. அவருடைய முதுகில் வேர்வை ஓடியதை நான் மட்டும் பார்த்தேன். அவரும் பயந்துதான் இருந்தார்.

ஏழாம் வீடு முடிகிறபோது படகு நிமிர்ந்தது. நான் அவருக்குச் சைகையாக மத்தளத்தில் ஒரு அடி கூட்டிப் போட்டேன். அவர் ஏரிப்பக்கம் திரும்பாமலே, "பொட்டு வெக்கணும்னா மொதல்ல மூஞ்சி கழுவணும். அம்மா, போயி ஏரியில முழுகிட்டு வா. பொம்பளைங்கல்லாம் தொணைக்குப் போங்க" என்றார். பெண்கள் எழுந்தார்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. தம்பியை நடுவில் விட்டு, சுற்றி நெருங்கி, துறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பெண்கள் துறைப்பக்கம் ஆண்கள் திரும்பிப் பார்ப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. ஈட்டிக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கன்னியப்பன் மண் ராஜாவின் காதருகே உட்கார்ந்து, அவன் செய்த அக்கிரமங்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். தரகன் நிமிர்ந்து பார்த்தபோது படகின் பாய் நடு ஏரியைத் தாண்டிவிட்டது.

அவன் கன்னியப்பனின் கழுத்தைப் பிடித்து, "ஆட்டம் முடிஞ்சிதா இல்லியா?" என்று கேட்டான்.

"அம்மா இன்னும் வரலியே சாமி. எப்பிடி முடியும்?"

அவரைக் கோட்டைக்கு இழுத்துப் போனார்கள். மழைக்காலம் முடிந்துதான் விட்டார்கள். வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடுத்த கூத்தில் அந்த நொண்டி நடையையே ஆட்டமாக்கி எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் கூத்தில் அம்மன் ஏரிக்குப் போவாள், திரும்ப வர மாட்டாள். பொட்டும் இல்லை, மங்களமும் இல்லை. மங்களம் பாடாததால்தான் மீன் குறைந்தது, காய்ச்சல் வந்தது என்று ஊரில் பேச்சு எழுந்தபோதெல்லாம் நான் நடுங்கினேன். அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "ஆட்டம் நடக்கறவரைக்கும் எவனும் மூஞ்சி கழுவச் சொல்ல முடியாது நைனா. நடக்கட்டும் வுடு."

அவரைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து எடுத்த அன்று நான்தான் பறைக்காரர்களோடு சேர்ந்து மத்தளம் அடித்தேன். ஊர்ச் சாவு என்பதால் தரகனும் வந்திருந்தான். கிழவனாகியும் கண் மட்டும் பழைய கண். அப்போது வடக்கிலிருந்து ஒரு படகு வந்து துறையில் முட்டியது. மஞ்சள் அரிதாரம் பூசி, சேலை கட்டிய ஓர் ஆள் இறங்கி நடந்து வந்தான். நெற்றியில் பொட்டு இல்லை. கூட்டம் வழி விட்டது. குனிந்து கன்னியப்பனின் வாயில் அரிசி போட்டபோது அவன் வளையல்கள் விலகி, கயிறு அறுத்த பழைய வடு தெரிந்தது.

தரகன் என் பக்கத்தில் வந்து நின்றான். "மத்தளம், யாருடா அது? மூஞ்சியக் கழுவச் சொல்லு."

கையை நிறுத்தாமல் சொன்னேன். "ஆட்டம் இன்னும் முடியல சாமி. முடியறவரைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். குப்பத்து ஆண்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். படகும் வந்த வழியே போனது. எந்த ஊருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

புதைத்துவிட்டுத் திரும்புகையில், இனிமேலாவது மங்களம் பாடி முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். முடியாது என்றேன். கன்னியப்பன் பாடாமல் வைத்திருந்த அந்த மங்களம் இப்போது என்னிடம் இருக்கிறது. என் காலம் இருக்கிறவரை அதைப் பாட மாட்டேன். பயம் போகவில்லை. கை ஓடவில்லை.