சிரிக்கக் கூடாத முகம்

நாடகக் கல்லூரியில் மாணவர்களின் மேக்கப் வேலைகளைப் படம் பிடிப்பவர் அவர்தான். ஒட்டுமூக்கோ தொங்குதாடையோ, விளக்கைப் பலமுறை நகர்த்திப் பார்க்காமல் எடுக்கமாட்டார். அந்தப் படங்களை வைத்துத்தான் பரீட்சைக்கு மார்க். ஒட்டிய சிலிக்கோன் தோலின் ஓரம் எங்காவது தெரிந்தால் மார்க் போச்சு.

பிள்ளைகள் தலையெடுத்த பின் அவர் மனைவியும் அங்கே மேக்கப் படிக்கச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே அவர்தான். வினை அங்கே தொடங்கியது. அவளுக்கு மாடலாக உட்காருபவன் நடிப்புப் பிரிவு மாணவன். எல்லோருக்கும் அவன் ஒல்லி. தினமும் அவன் கன்னத்தைத் தடவித் தடவி ஒட்டுகிறாள். வீட்டில் சாப்பாடு போடும்போதும் ஒல்லி சொன்ன ஜோக்தான். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அவர் தட்டைப் பார்த்தபடி "ம்" என்பார். ஒல்லிக்குத் தன் மகன் வயதுதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரிவது நிற்கவில்லை.

பரீட்சை நாளில் ஒல்லி தளர்ந்த கிழவனாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பக்கவாட்டு விளக்கைப் போட்டு, லென்ஸ் வழியாக அவர் ஓரத்தைத் தேடினார். காதோரம், கண்ணடி, கழுத்து. எங்கும் இல்லை. பெருமைப்பட வேண்டியவர் மறுபடியும் முதலிலிருந்து தேடினார்.

"சிரிச்சிடாதடா, வாயோரம் பிச்சுக்கும்," என்று அவள் ஒல்லியை எச்சரித்தாள்.

அவருக்கு அது போதும். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பெரியவரே, பென்ஷன் ஆபீசுக்குத்தானே போட்டோ? கொஞ்சம் உயிரோட இருக்கிற மாதிரி உட்காருங்க."

ஒல்லி பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. குலுங்கிச் சிரித்ததில் உதட்டோரத் தோல் நகமளவு கிளம்பி நின்றது.

அவள் திட்டுவாள் என்று திரும்பினார். திட்டவில்லை. பசையை எடுத்துவந்து ஓரத்தை ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்தபடி, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"இப்படியெல்லாம் பேச வருமா உங்களுக்கு? இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வாட்டிகூட பேசினதில்லையே. இவன்கிட்ட மட்டும் வருது."

"அக்கா, நான் வேணா வெளிய..."

"நீ வாயைத் திறக்காத."

பவுடர் போட்டும் ஒட்டிய இடம் மினுமினுத்தது. அவர் பக்கவாட்டு விளக்கை அணைத்தார். வெள்ளைத் துணி கட்டிய விளக்கை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, மினுமினுப்பு அடங்கும்வரை நகர்த்தினார். எடுத்ததை அவளிடம் காட்டினார். ஓரம் தெரியவில்லை.

"நல்லா வந்திருக்கு." அவள் குரலில் கோபம் இறங்கவில்லை. "வீட்டுக்கு வாங்க. அங்கயும் ரெண்டு வார்த்தை வருதான்னு பார்க்கலாம்."

ஒல்லி எழுந்து போனதும், கேமராவைப் பையில் வைத்தபடியே, வீட்டில் என்ன சொல்வதென்று அவர் யோசிக்கத் தொடங்கினார். ஒல்லி எதிரில் இல்லாமல் ஒன்றும் வரவில்லை.