இந்தி எழுத்து நோட்டு

பள்ளிக்கூடத்தில் நான் மதராசி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் சர்ச்சில் இந்திக்காரி. வாரம் ஏழு நாளும் யாருக்காவது அந்நியமாக இருப்பது பத்து வயதில் எவ்வளவு அலுப்பு என்று இப்போது நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது.

பம்பாய் தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தமிழ்தான். ஆனால் இந்த ஊரில் பிழைக்க இந்தி வேண்டும் என்று அப்பா என்னை இந்தி மீடியத்தில் சேர்த்துவிட்டார். தமிழ் பேசுவேன், வாசிக்க ஓர் எழுத்து தெரியாது. சர்ச்சில் என் வயதுப் பெண்கள் ஐந்து பேர் முன்னால் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். எல்லோரும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். ஒரு நாள் போய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

"இங்க எடம் இல்லட்டி" என்றாள் ஒருத்தி. அவர்கள் குடைகளுக்கு மட்டும் இடம் இருந்தது. நான் பின்னால் தூணோரத்துப் பெஞ்சுக்குப் போனேன். அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாதது வெளியே தெரியாமல் இருக்க அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தையல் பட்டறையிலிருந்து வந்து சோறு வடித்துக்கொண்டே, ஞாயிறு பாட வேண்டிய பாட்டுகளை வரிவரியாகச் சொல்லுவாள். நான் அவற்றை நோட்டில் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வேன். சர்ச்சில் அந்த நோட்டைத் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, எல்லோரும் பக்கம் திருப்பும்போது நானும் திருப்புவேன். ஜெபம் பண்ண எனக்கு எங்கே நேரம்? வீட்டுக்கு வரும்போது மூட்டை தூக்கியவள்போலக் களைத்திருப்பேன்.

சிறுவர் ஞாயிறு வந்தது. அன்று வேதபாடங்களைப் பிள்ளைகள்தான் வாசிக்க வேண்டும். எனக்கும் வேதப்புத்தகத்தில் ஓர் அதிகாரம் கொடுத்தார்கள். நன்றாக வாசித்துவிட்டால் அந்தப் பெஞ்சில் இடம் கிடைக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். அதையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, வாரம் முழுக்க நோட்டைப் பார்த்து வாசித்துப் பழகினேன்.

அன்று எனக்கு முன்னால் வாசிக்க வேண்டியவள் காய்ச்சல் என்று வரவில்லை. போதகர் என்னைப் பார்த்து, "அவ பாடத்தையும் நீயே வாசிச்சிரும்மா" என்று அந்த அதிகாரத்தைச் சொன்னார். என் நோட்டில் அது இல்லை. பயத்தில், வேதப்புத்தகத்துக்குள் ஒளித்திருந்த நோட்டைப் பார்த்து என் அதிகாரத்தையே கணீரென்று வாசிக்க ஆரம்பித்தேன். சபை முழுக்க விரலை வேறு பக்கத்தில் வைத்திருந்தது. தாள் சரசரத்தது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

"அது இல்லம்மா. நான் சொன்னத வாசி."

வயிற்று வலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை.

"ஐயா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல இந்தியில எழுதிட்டு வந்தேன். இது மட்டுந்தான் இருக்கு."

முன் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அப்ப அதையே வாசி."

வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்து முதலிலிருந்து வாசித்தேன். வீட்டில் பழகியபோது வந்ததுபோல வரவில்லை. இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனாலும் முடித்தேன்.

திரும்பும் வழியில் மழை தூறியது. "எல்லாருக்கும் முன்னால சொல்லணுமாட்டி?" என்றாள் அம்மா.

"முடியலம்மா."

அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அன்று மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன்.

அதற்குப் பிறகும் முன் பெஞ்சிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிறும் தூணோரத்துப் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. நோட்டை நன்றாக விரித்து வைத்துக்கொள்ள இடம் இருந்தது.