பூட்டிய குரூப்பின் அட்மின்

மோகன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, சேவூர் வீட்டில், மாரடைப்பு.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற மெர்ச்சண்டைசர், செக்கிங், சூப்பர்வைசர் எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதற்கு ஒரே அட்மின் அவர்தான். அவரும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்.

இன்னொரு அட்மின் போடலாமே என்றால், "ரெண்டு பேர் இருந்தா ரெண்டு நாயம் ஆயிருமுங்க" என்பார்.

ரூல் ஒன்றுதான். குறை சொல்லலாம், கம்பெனி பேரைப் போடக்கூடாது. நாளைக்கு அதே கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய் உட்கார வேண்டியவர்கள்தானே நாமெல்லாம்...

மீறினால் ரிமூவ். ஆனால் அதற்கு முன்னால் போன் வரும். "தம்பி, சாப்பிட்டீங்களா? உங்கள இப்ப ரிமூவ் பண்றேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கும் வந்திருக்கிறது. சாயம் ஒட்டாத துணியை எங்கள் தலையில் கட்டிய டையிங் யூனிட்டை, போர்டு போட்டோவோடு போட்டுவிட்டேன். ரிமூவ். மறுநாள் காலையில் அவரே சேர்த்து, "வாங்க தம்பி" என்று மெசேஜ். நானும் ஒரு வணக்கம் போட்டேன். வேறென்ன செய்ய?

நேற்று சாயங்காலம் குரூப்பில் ஒரு பெண் நீளமாக எழுதியிருந்தார். தெற்கிலிருந்து வந்து இங்கே செக்கிங்கில் இருப்பவர். புரொடக்ஷன் மேனேஜர் பெண்களிடம் காது கூசுகிற மாதிரி பேசுகிறார், ஆபீஸில் பலமுறை சொல்லியும் கேட்க நாதியில்லை என்று. கடைசியில் கம்பெனி பேர். அதற்குக் கீழே தன் பேர்.

குரூப் ரெண்டாகிவிட்டது. அந்தப் பெண்ணைத் தூக்குங்க என்று பாதிப் பேர். தூக்கினால் நாங்களும் போறோம் என்று மீதிப் பேர்.

அண்ணன் தூக்கவில்லை. அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பைப் பூட்டினார். "காலைல பேசிக்கலாமுங்க. எல்லாரும் போயி சாப்பிடுங்க."

எனக்குக் கடுப்பு. போன் போட்டேன். "என்னைய மட்டும் ஒடனே தூக்குனீங்க. இதுக்கு ரூல் இல்லீங்களாண்ணா?"

"உங்களுக்குத் துணிதானுங்க தம்பி போச்சு. அந்தப் புள்ள வேல போயிரும்னு தெரிஞ்சே பேரப் போட்டிருக்குது. அந்தக் கம்பெனி மொதலாளி அழிக்கச் சொல்லிக் கூப்புட்டாரு. முடியாதுன்னுட்டேன். நாளைக்கு எங்க மொதலாளியும் கூப்புடுவாரு... பாக்கலாமுங்க."

காலையில் பேச அவர் இல்லை.

குரூப்பில் ஒரு இரங்கல்கூட இல்லை. யாராலும் போட முடியாது. அந்தப் பெண் எழுதியது, கொஞ்சம் சண்டை, கடைசியில் அண்ணன் சாப்பிடச் சொன்னது. அப்படியே நிற்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மத்தியானம் சேவூர் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் கம்பெனி எச்ஆர் மாலையோடு வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு, அண்ணன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன் போனு உங்ககிட்டத்தானுங்களே இருக்குது? ஒரே ஒரு மெசேஜ் அழிக்கோணுமுங்க."

அண்ணி மடியில்தான் போன் இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரு உட்டு வெச்சதுங்க. இருக்கட்டும்."

எச்ஆர் கிளம்பிப் போனார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

போயிட்டு வாங்கண்ணா. தப்பா எதுவும் நெனச்சுக்கலீங்க.