பொட்டு வைத்த எல்லை

முரசுமோட்டை தாண்டியதும் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போகிறது. சாரதி சில்லு மாற்றும் நேரத்தில், வீதியோரத்து வீடொன்றில் தண்ணீர் கேட்கிறேன். வீட்டுக்காரர் கதிரை போட்டுத் தேநீரே தருகிறார், தானும் குடிக்கிறார். குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சுற்றிவர எவ்வளவு வெறுங்காணி கிடந்தாலும் எங்கள் ஆட்களுக்கு வேலி இல்லாமல் நித்திரை வராது. இவர் வேலிக்கு நடும் கதியால்களைக்கூட ஊரிலிருந்து லொறியில் ஏற்றி வந்திருக்கிறார்.

"அங்கால இருக்கிறது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தால வந்த சனம்," என்கிறார். "அது வேறை ஊர், இது வேறை ஊர். எல்லை எண்டு ஒண்டு வேணுமெல்லோ."

முற்றத்து ஓரத்தில் வேலி அடைத்துக்கொண்டிருப்பவரும் அந்த வேறை ஊரிலிருந்து கூலிக்கு வந்தவர்தான். தன்னை வெளியே நிறுத்தும் வேலிக்குத் தானே தென்னோலைக் கிடுகு கட்டுகிறார். நடுவில் மட்டும் ஓராள் நுழையுமளவு இடைவெளி, ஊர்ப் பேச்சில் பொட்டு, விட்டிருக்கிறார்.

"அந்தப் பொட்டு என்னத்துக்கு?" என்று வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

"எங்கட கிணறு உவர். நல்ல தண்ணி அவையின்ர கிணத்திலதான் இருக்கு. மனிசி அள்ளப் போகவேணும். இந்தத் தேத்தண்ணியும் அந்தத் தண்ணிதான்."

பிறகு வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்.

"பொட்டுக்கு ஒரு படலை போட்டுக் கொளுக்கியும் வை. கண்டபடி ஆக்கள் வந்து போகக்கூடாது."

"சரிங்க ஐயா," என்கிறார் அவர், கிடுகிலிருந்து கையை எடுக்காமலே. "கொளுக்கிய எந்தப் பக்கம் வைக்கட்டும்? உங்க பக்கமா, கெணத்துப் பக்கமா?"

வீட்டுக்காரர் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைக்கிறார்.