நெக்ரோமேன்சருக்கு ஒரு முன்கதை

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "அப்பா என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்கள். "விவசாயங்க" என்றேன். "எத்தனை ஏக்கருங்க?" என்றார்கள். "கொஞ்சந்தாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் இந்த விசாரணை ரொம்ப மரியாதையாக நடக்கும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தக் குலம், எந்தக் கூட்டம் என்று படிப்படியாக இறங்கி வந்து, ஆள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். நான் முதல் படியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். பொள்ளாச்சிப் பக்கம் என்பதோடு என் ஊர் முடிந்துவிடும்.

அப்பா செய்ததும் விவசாயம்தான், அடுத்தவர் தோப்பில். தென்னைக்கு வட்டப்பாத்தி எடுப்பார், மட்டை இழுத்துப் போடுவார், வாய்க்கால் வெட்டுவார். தோப்புக்காரர் வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள், போய்க் குழி வெட்டுவார். எங்கள் காலனியில் அந்த வேலைக்கு மிச்சமிருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். இதில் எதையும் நான் அலுவலகத்தில் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அலுவலகத்துக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர் சரவணம்பட்டியில் ஒரு ஃபிளாட்டில் கூடி விளையாடுவோம். மேஜை, பகடை, பென்சில், காகிதம். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்போம், சண்டை போடுவோம், சாவோம். கதை நடத்துபவரை மாஸ்டர் என்போம், டீக்கடையில் கூப்பிடுகிற மாதிரி. அலுவலகத்தில் எங்கள் டீமில் எனக்கு மூத்தவர் அவர். நல்ல மனிதர். அவருடைய குடும்பத்துக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பது எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார்.

நான் விளையாடிக்கொண்டிருந்த திருடி ஒரு சதுப்பு நிலத்தில் மூழ்கிச் செத்துப்போனதால் புதிதாக ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. நெக்ரோமேன்சர் என்றேன். செத்தவர்களை எழுப்பி ஏவல் செய்ய வைக்கிற மந்திரக்காரி. மாஸ்டர் காகிதத்தை நீட்டினார், பகடையை உருட்டினேன். உடல்வலுவுக்கு ஏழு, அறிவுக்குப் பதினேழு. அடுத்து அவர் விதிகளைச் சொன்னார். எழுப்பப்பட்டவருக்குக் களைப்புக் கிடையாது, பசி கிடையாது. தான் யாராக இருந்தோம் என்கிற ஞாபகமும் இருக்காது. சொன்னதைச் செய்யும்.

"கூலி கேக்காது, லீவு கேக்காது" என்றார் பக்கத்திலிருந்தவர். "மாஸ்டர், உங்க தோப்புக்கு நாலு வாங்கிப் போடுங்க."

"எங்கப்பாகிட்டச் சொன்னா இன்னிக்கே வண்டி அனுப்பிருவாருங்க. ஆளே கெடைக்கறதில்ல, கெடச்சாலும் எதுத்துப் பேசறாங்களாமா."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். பஸ் ஏறி அறைக்கு வருகிற வழியெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேலா, என் சிரிப்பின் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

புதுப் பாத்திரத்துக்கு முன்கதை என்று ஒன்று எழுத வேண்டும். இவள் யார், இந்த வித்தையை எங்கே கற்றாள் என்று நாலு வரி எழுதினால் போதும். நான் மூன்று பக்கம் எழுதினேன். என் நெக்ரோமேன்சர் எந்த ஏட்டையும் படித்தவள் இல்லை, குழி வெட்டிப் பிழைத்தவள். செத்தவரின் நீளத்துக்கு ஒரு குச்சி ஒடித்து அளந்துகொள்வாள். கடப்பாரையை இறக்கும் முன் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவாள். தலை தெற்கே வருகிற மாதிரி வெட்டுவாள். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் சரியும் என்று எட்ட வீசுவாள். உடல் இறங்கியதும் உப்பைக் கொட்டுவாள், மூடியபின் நாய் தோண்டாமலிருக்க வேலமுள்ளை வெட்டிப் போட்டுக் கல் வைப்பாள். இத்தனையும் செய்தவளுக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீரைக் கையில் தரமாட்டார்கள், ஊற்றுவார்கள், ஏந்திக் குடிக்க வேண்டும். இப்படி வெட்டி வெட்டி, ஒருநாள் மண்ணுக்குள்ளிருந்து அவளிடம் பேச ஆரம்பித்தார்கள் என்று முடித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு வாசித்தபோது ஒருவரும் பகடையைத் தொடவில்லை. "புல்லரிச்சுப் போச்சுங்க" என்றார் மாஸ்டர். "எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"

"நெட்டுல படிச்சேங்க."

ஏசி ஓடுகிற ஓர் அறையில் என் அப்பாவின் வேலைக்குக் கைதட்டு விழுந்தது. அது அவருடையது என்று யாருக்கும் தெரியாது. பெருமையாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. ஒன்றரை மாதம் அந்தப் பாத்திரத்தை விளையாடினேன். எழுப்பியவர்களை மூட்டை தூக்க மட்டும் நான் விடவே மாட்டேன். "உங்க எலும்புக்கூடுகளுக்கு யூனியன் வேற இருக்குதுங்களா?" என்று கிண்டல் செய்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. மாஸ்டரின் அப்பா தவறிவிட்டார், நெஞ்சுவலி. கூடவே ஊரின் இடமும் வந்தது. வரைபடத்தைத் திறந்து பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் காலனியிலிருந்து டவுன் பஸ்ஸில் இரண்டாவது நிறுத்தம்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்கு நல்லது செய்த மனிதர், அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறார், போகாமல் இருக்க மனம் வரவில்லை. இப்போதெல்லாம் பொக்லைன்தான் குழி வெட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லோரும் சேர்ந்து பிடித்த வேனில் பொள்ளாச்சி தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் பந்தல், நாற்காலி, கார்கள். மாலை போட்டுவிட்டு நாங்கள் ஓரமாக நின்றோம். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்தார், கண் வீங்கியிருந்தது. தோப்புக்குள்ளேயே அவர் தாத்தாவுக்குப் பக்கத்தில் அடக்கம் என்றார். குழி தயாரா என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள், தனியாகப் போகப் பிடிக்கவில்லை, கூட வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். சொட்டுநீர்க் குழாய் உடையும் என்று பொக்லைனை உள்ளே விடவில்லை என்று நடந்துகொண்டே சொன்னார். அப்படியானால் ஆள்தான் வெட்டுகிறார், அந்த வேலைக்கு இருப்பதே இரண்டு பேர்.

நெஞ்சளவு குழிக்குள் நின்று அப்பா வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முதுகெல்லாம் மண். மேலே கரையில் உப்பு மூட்டையும் வெட்டிய முள்ளும் கிடந்தன.

மாஸ்டர் அதையெல்லாம் பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "நீங்க எழுதுனது அப்படியே இருக்குதுங்க. உப்பு, முள்ளு, தெக்கால தலை. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நெசமாலுமே எங்கீங்க தெரிஞ்சுட்டீங்க?"

அப்பா வெட்டுவதை நிறுத்தியிருந்தார். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் கரையில் ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை.

"எங்கியோ படிச்சேங்க" என்றேன்.

அப்பா ஊன்றிய கையை எடுத்தார். "அம்மணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். "கரை மண்ணு சரியுமுங்க."

பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாத மனிதர். நான் தள்ளி நின்றேன். அவர் குனிந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தார்.

அடக்கம் முடிந்து திரும்புகிற வேனில், முன்சீட்டில் இருந்த எங்கள் விளையாட்டுக் கூட்டாளி, "அந்தக் குழி வெட்டுனவரப் பாத்தீங்களா, அச்சு அசல் உங்க கேரக்டருங்க" என்றார். "போட்டோ எடுத்திருக்கோணும்." நான் ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை பல விதமாக யோசித்திருக்கிறேன். அன்று வாயில் வந்தது ஆமாங்க மட்டும்தான்.

அறைக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். வேலை எப்படி, கோயம்புத்தூரில் மழை உண்டா என்று அவரே ஏதேதோ கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்கப்பா, என்னைத் தெரியாத மாதிரி பேசுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பைச் செய்தவள் நான், நியாயம் கேட்பவளும் நானா?

அப்பாவுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"நீ அப்பான்னு கூப்புட்டீன்னா மேல ஏறி வந்தறலாம்னு கைய ஊனிட்டுத்தான் நின்னேன் கண்ணு. நீ படிச்சேன்னு சொல்லிப்போட்ட. அப்பறம் நான் என்னன்னு ஏறி வாரது?"